வாக்கெடுப்பு முடியும்வரை அமரர்

அந்தச் சன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறீர்களா, தம்பி? பாதி போதும். காற்று நேராக என் முகத்தில் வந்து அடிக்கிறது. காற்றுக்குப் பயந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். செத்துப்போனவனுக்குக் காற்றென்ன, மழையென்ன?

ஐயோ, நகர்ந்து உட்கார வேண்டாம். நான் உயிரோடுதான் இருக்கிறேன். டிக்கெட்டில் மூத்த குடிமகன் என்று போட்டிருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள். நான் செத்துவிட்டதாகச் சென்னையில் இருநூறு பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இருநூறு பேரும் இன்று சாயங்காலம் ஓட்டுப் போடப்போகிறார்கள். அதற்குள் நான் அங்கே இருக்க வேண்டுமா, இருக்கவே கூடாதா என்பதுதான் கேள்வி. மதுரையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

நீங்கள் எதுவரை? எழும்பூரா? நல்லதாகப் போயிற்று. விழுப்புரத்தில் இறங்குகிறவர்களிடம் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை.

பெயர் கோமதிநாயகம். ஊர் தென்காசி. நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பேசுவது அச்சடித்ததைப் படிப்பது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் என் மனைவி உலகம்மாள், "எல்லாம் சரியாத்தான் அச்சடிச்சிருக்காங்க, முற்றும்னு போடத்தான் மறந்துட்டாங்க" என்றாள். அப்போது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணப்படம் பார்ப்பீர்களா? மாட்டீர்கள். சங்கடப்படாதீர்கள், யாரும் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் கொட்டகையில் படம் போடுவதற்கு முன்னால் வெள்ளச் சேதமும் அணைக்கட்டும் காட்டுவார்களே, அந்த நேரம் பார்த்து முறுக்கு வாங்க எழுந்து போனவர்களின் வம்சம் நாம். ஆனாலும் அதை எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கும் விருது இருக்கிறது. விருது இருந்தால் அதற்கொரு சீசன் இருக்கிறது. குற்றாலத்து சீசன் மாதிரிதான். தண்ணீர் விழுந்தால் கூட்டம், விழாவிட்டால் குரங்கு.

ஜெசிந்தா என்று தூத்துக்குடிப் பெண். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது பிழைப்பு. ஆவணப்படம் எடுப்பது ஆசை. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று வந்தாள். தென்காசிக் காற்று தெரியுமல்லவா? ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும். கொடியில் காயும் வேட்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதற்கு முந்தைய வருடம் ஒரு நாளிதழில் வந்த வானிலைக் கட்டுரையைத் திருத்தி நான் எழுதிய கடிதத்தை அவள் படித்திருக்கிறாள். கட்டுரையைவிடக் கடிதம் நீளம். "சார், படத்துக்கு நீங்கதான் விளக்கம் சொல்லணும்" என்றாள். மொட்டை மாடியில் எனக்கு ஒரு பிரம்பு நாற்காலி போட்டார்கள். மேற்கே மலை, தலைக்கு மேலே வானம், சட்டையில் ஒலிவாங்கி. என் வாழ்நாளில் என்னை யாரும் பேசச் சொன்னதில்லை, தம்பி. போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

காற்று வரவில்லை.

அந்த வருடம் ஆனி பிறந்தது, இலை அசையவில்லை. முதல் நாள் நான் கணவாயின் அமைப்பை விளக்கி, நாளைக்கு வரும் என்றேன். மறுநாள் அரபிக்கடலின் வெப்பநிலையை விளக்கி, நாளைக்கு வரும் என்றேன். அதற்கடுத்த நாள் நம் முன்னோர் காற்றுக்குத் திசைவாரியாக வைத்த பெயர்களை விளக்கினேன். வடக்கே இருந்து வருவது வாடை, தெற்கே இருந்து வருவது தென்றல், கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கோடை. ஆகவே நமக்கு வேண்டியது கோடை, அது நாளைக்கு வரும் என்றேன். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. கேமராவைக் காற்றுக்காக வைத்திருந்தார்கள். காற்று வராதபோது அது என்ன செய்யும்? என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துணி காயப்போட வரும்போதெல்லாம் உலகம்மாள், "இன்னும் வரலியா உங்க ஆளு?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அதையும் எடுத்திருக்கிறார்கள்.

கடைசி நாள். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிவு உபசாரமாகச் செங்கோட்டையிலிருந்து ஒரு பலாப்பழம் வாங்கி அறுத்தோம். பலாப்பழத்தின் குணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே நான் அளவு பார்க்காமல் சாப்பிட்டுவிட்டேன். அதன் குணங்களில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. மொட்டை மாடியிலேயே எங்களுக்கு ஒரு கழிப்பறை இருக்கிறது, தகரக் கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். போட்ட மாத்திரத்தில் காற்று வந்துவிட்டது.

சிரியுங்கள், பரவாயில்லை. எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. இரண்டு வாரம் காத்திருந்து நான் முன்னறிவித்த காற்று வருகிறது, நான் அதைக் கழிப்பறையின் சிமெண்டுச் சன்னல் ஓட்டை வழியாகப் பார்க்கிறேன். தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன், கதவு திறக்கவில்லை. காற்று அதை வெளியிலிருந்து அழுத்துகிறது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பிறகு கத்தினேன்: "யாராவது இருக்கீங்களா?"

மாடியில் எல்லாரும் இருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் என் நாற்காலியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெற்று நாற்காலி. அதன் கைப்பிடியில் என் துண்டு. காற்று துண்டை எடுத்துக்கொண்டு போகிறது. நாற்காலி ஒரு ஆட்டம் ஆடி மெதுவாகச் சாய்கிறது. காற்றின் இரைச்சலுக்குள் எங்கிருந்தோ கம்மிய குரல் ஒன்று: யாராவது இருக்கீங்களா? படம் அதோடு முடிகிறது. படத்தின் பெயர் 'நாளைக்கு வரும்'.

முடித்தபின் ஜெசிந்தா மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "காற்றைக் காணோமேம்மா?" என்றேன். "காத்து நீங்கதான் சார்" என்றாள். நெகிழ்ந்துவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று.

கொஞ்சம் வாழைக்காய் வறுவல் எடுத்துக்கொள்ளுங்கள். கதையே இனிமேல்தான்.

படம் நான்கு ஊர் சுற்றியது. பிறகு ஒரு நாள் ஜெசிந்தா தூத்துக்குடி மக்ரூன் பெட்டியோடு தென்காசிக்கு வந்தாள். இருநூறு பேர் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் தென்னக ஆவணப்பட விருதுக்குக் கடைசி ஐந்தில் வந்துவிட்டதாம். கிடைத்தால் அடுத்த படத்துக்கு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கைகொடுக்கும். கிடைக்காவிட்டால் மறுபடியும் கல்யாண வீடியோ. அவள் அம்மா வேறு, "இதோட விட்டுட்டு ஒரு ஸ்கூல்ல சேரு" என்று கெடு வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் கண் எல்லாம் விருதாக இருந்தது. அப்போதுதான் ஹரீஷ் போன் பண்ணினார். விருது சீசனில் படங்களை வாக்காளர்களிடம் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். ஜெசிந்தா போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைத் தட்டினாள்.

"ஜெசி, செமையா போயிட்டிருக்கு. கடைசி ஷாட்ல எல்லாரும் அழுவுறாங்க. அந்தப் பெரியவர் எப்ப தவறினாரு?"

என் வாய் நிறைய மக்ரூன். "இன்னும் இல்லை" என்றேன்.

அந்தப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு. நான் உயிரோடிருப்பது உலகம்மாளைத் தவிர இன்னொருவரையும் அவ்வளவு சோர்வடையச் செய்யும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சீசன்ல ஆவணப்படத்துக்கு மூணே ரூட்டுதான். கஷ்டப்படுற மிருகம், ஜெயிக்கிற குழந்தை, செத்துப்போற பெரியவர். எதிர்ல ஆமைப் படம் ஒண்ணு வருது. வலையில மாட்டின ஆமை. அதோட மூக்கை நீங்க பாக்கணும் சார், எனக்கே தாங்கல. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"நான் இருக்கிறேன்" என்றேன்.

"அதான் சார் பிரச்சினை."

ஜெசிந்தா நல்ல பெண். "சார் இருக்கார்னு இப்பவே எல்லாருக்கும் சொல்லிடலாம்" என்று எழுந்துவிட்டாள். நான்தான் அவளை உட்காரவைத்தேன். நாம் யாரும் இறந்துவிட்டதாகச் சொல்லவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டால் அது அவர்களுடைய வாசிப்பு. ஒரு படைப்பை வாசகன் தன் போக்கில் வாசிக்க உரிமை உண்டு என்று மேற்கோள்களோடு விளக்கினேன். நெடுநேரம் விளக்கினேன். அந்தப் பெண் கடைசியில் அசதியில்தான் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டெடுப்பு முடியும்வரை நான் காலமாகியிருப்பது என்று முடிவாயிற்று.

இருபது வயதில் எனக்கு இலக்கியத்துக்காக உயிரைக் கொடுக்க ஆசை இருந்தது. ஆமையோடு போட்டி போட்டுக் கொடுப்பேன் என்று நினைக்கவில்லை.

செத்திருப்பது லேசான காரியமில்லை. போனை எடுக்கக் கூடாது. விசேஷங்களில் படம் எடுத்தால் தள்ளி நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதக் கூடாது. ஒரு வாரப் பத்திரிகை ஒரு நதியைத் தவறான மாவட்டத்தில் பாயவிட்டிருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன், தம்பி. வீட்டில் உலகம்மாள் ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தீங்களா? வருசா வருசம் உங்களுக்கு விருது வரட்டும்" என்றாள்.

அப்புறம் அந்த அம்மாள் வந்தார்.

தமயந்தி ராஜகோபால். சென்னையில் ஒரு கல்லூரியில் ஊடகத்துறைப் பேராசிரியை. இருநூறு வாக்காளர்களில் ஒருவர். குற்றாலத்துக்கு வந்தவர் முகவரியைத் தேடிப் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது நான். அவர் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க..."

யோசிக்க நேரமில்லை. "அண்ணன்" என்றேன். "அவனுடைய அண்ணன்."

"அதான், அப்படியே இருக்கீங்க!" என்று அவர் கண்கலங்கினார். உள்ளே உட்காரவைத்தேன். உலகம்மாள் காப்பி கொண்டுவந்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா தாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டார். உலகம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னும் தாங்கிக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது பொய்யில்லை பாருங்கள். அவள் பொய் சொல்லமாட்டாள்.

நான் மட்டும் காரியத்தை அதோடு முடித்து அவரை அனுப்பியிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், தம்பி. என்னைப் பற்றிக் கேட்கவென்றே ஒருவர் சென்னையிலிருந்து வந்து கையில் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். நானே என்னைப் பற்றிச் சொன்னால் தற்பெருமை. அண்ணன் தம்பியைப் பற்றிச் சொன்னால் பாசம். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? தம்பி என்னென்ன படித்தான், நூலகத்தில் எத்தனை அலமாரிகளை அவன் புதிதாக வகைப்படுத்தினான், அது ஏன் யாருக்கும் புரியவில்லை, எல்லாம் சொன்னேன். படத்தில் காற்றைப் பற்றி வெட்டிவிட்ட பகுதிகளையும் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரம் வரை சொன்னேன். அந்த அம்மாள் கடைசி பஸ்ஸைச் சாக்காகச் சொல்லி எழுந்தார். அவர் வந்தது காரில்.

அடுத்த வாரம் அவர் ஒரு இணைய இதழில் எழுதியதை ஜெசிந்தா எனக்கு அனுப்பினாள். எனக்கு அது மனப்பாடம். 'மரணத்தின் வாசலில் நின்று நம்மை அழைக்கும் அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. யாராவது இருக்கீங்களா? உலக சினிமாவில் இப்படியொரு கேள்வி கேட்கப்பட்டதில்லை.' இதுவரை சரி. மேற்கொண்டு கேளுங்கள். 'அந்த வெள்ளந்தியான கிராமத்து மனிதரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அண்ணனைச் சந்தித்தேன். அதே முகம். ஆனால் தம்பியிடம் இருந்த அந்த வசீகரத்தில் துளியும் இவரிடம் இல்லை. அறுவை.'

அறுவை! என் தம்பி வசீகரமானவன், நான் அறுவை. எனக்குத் தம்பியே கிடையாது!

அதுகூடப் போகட்டும். வெள்ளந்தி என்றால் என்ன? உலகம் அறியாதவன். நூலகம் முழுவதையும் இரண்டு தடவை படித்தவனைப் பார்த்து எழுதுகிற வார்த்தையா அது? கிராமத்து மனிதராம். தென்காசி மாவட்டத் தலைநகரம், தம்பி! அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. "செத்தவங்களுக்கு எதுக்குச் சாப்பாடு?" என்று உலகம்மாள் மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் ஜெசிந்தாவிடமிருந்து போன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "சார், இதுவரைக்கும் நாம யாரும் பொய் சொல்லல. இப்ப சொல்லிட்டோம். ஒரு வாக்காளர்கிட்ட. அது அச்சாயிடுச்சு. நாளைக்கு யாராவது தென்காசிக்கு வந்து பக்கத்து வீட்ல கேட்டா, என் படம் ஆவணப்படம் இல்ல, நாடகம்னு ஆயிடும்" என்றாள். அப்புறம் மெதுவாக, "நீங்க ஏன் சார் கதவைத் திறந்தீங்க?" என்றாள்.

கதவு விஷயத்தில் எனக்கு ராசியில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அதனால்தான் கிளம்பி வந்தேன். நேற்று மதுரையில் மைத்துனர் வீட்டில் தங்கி, காலையில் இந்த ரயிலைப் பிடித்தேன். ஜெசிந்தாவுக்குத் தெரியாது. நேராக அந்தத் தமயந்தி அம்மாள் முன்னால் போய் நின்று, அம்மா, நான்தான் அவன், அண்ணனும் நான்தான், பொய் சொன்னது நான், அந்தப் பெண்ணில்லை என்று சொல்லிவிடுவது. போகிற போக்கில் வெள்ளந்தி என்கிற சொல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இரண்டே வார்த்தை. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆனால் அங்கேதான் சிக்கல். இன்று சாயங்காலக் கூட்டத்தில், ஓட்டுப் போடுவதற்கு முன்னால், எனக்காக ஒரு நிமிடம் மௌன அஞ்சலி வைத்திருக்கிறார்களாம். ஹரீஷ் ஏற்பாடு. அதற்கப்புறம் ஆமையாவது மூக்காவது, ஓட்டெல்லாம் நமக்குத்தான் என்கிறார். நான் உள்ளே நுழைந்தால் அஞ்சலி போச்சு, ஓட்டும் போச்சு, அந்தப் பெண் மறுபடி கல்யாண வீடியோவுக்குப் போய்விடுவாள். நுழையாவிட்டால் அவள் ஒரு பொய்யின் மேல் ஏறி நின்று பரிசு வாங்க வேண்டும். அதோடு, உண்மையைச் சொல்கிறேன், ஒரு அரங்கமே எனக்காக வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசையும் இருக்கிறது. கடைசி வரிசையில், முக்காடு போட்டுக்கொண்டு...

ஒரு நிமிடம், தம்பி. போன். அவள்தான்.

சொல்லும்மா... வீட்டில்தான் இருக்கிறேன்... இல்லை, அது ரயில் சத்தம் இல்லை, உலகம்மாள் மிக்சி போடுகிறாள்... சரி, ரயில்தான்... செங்கல்பட்டு தாண்டியாயிற்று... என்ன? எப்போது?... நீயாகவேவா?... ஹரீஷ் என்ன சொன்னார்?... ம்... ம்... அவர் அழுதாரா, சிரித்தாரா?... சரிம்மா. சரி. இல்லை, பேசமாட்டேன்... ஒரே நிமிடம். புரிகிறது. வைக்கிறேன்.

சொல்லிவிட்டாள், தம்பி. இன்று காலையிலேயே விழாக் குழுவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் உயிரோடு இருக்கிறார், அண்ணன் என்று யாருமில்லை, படத்தில் எந்த இடத்திலும் நாங்கள் பொய் காட்டவில்லை, வேண்டுமானால் போட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. நான் கழிப்பறையில் இருந்ததையும் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர்கள் எடுக்கவில்லை. சாயங்காலம் வாக்காளர்களிடம் அறிவித்துவிடுவார்களாம். மௌன அஞ்சலி ரத்து. அந்த ஒரு நிமிடம் காலியாக இருக்கிறது. உயிரோடிருந்தால் அவரே வந்து அதில் பேசட்டும் என்கிறார்களாம். ஒரே நிமிடம். அதில் நான் அறுத்தால் ஆமை ஜெயித்துவிடும். "சார், ப்ளீஸ், ஒரே நிமிஷம்" என்கிறாள். அழுகிற குரலில் சிரித்தாள். என்னால்தான் இவ்வளவும். அப்படியிருந்தும் அந்தப் பெண், "வந்துட்டீங்களா, நல்லவேளை" என்கிறாள்.

உங்கள் கடிகாரத்தில் விநாடி முள் இருக்கிறதா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். ஒத்திகை. ஆரம்பிக்கிறேன்.

'அவைத் தலைவர் அவர்களே, வாக்காளப் பெருமக்களே, என்னை இறந்தவன் என்று கருதிக் கண்ணீர் சிந்திய நல்ல உள்ளங்களே. வெள்ளந்தி என்ற சொல்லை நாம் இன்று கவனமின்றிப் பயன்படுத்துகிறோம். அதற்கு வருமுன், காற்றைப் பற்றி ஒரு சிறு விளக்கம். நம் முன்னோர் அதற்குத் திசைக்கொரு பெயர் வைத்தார்கள். வடக்கே இருந்து வருவது வாடை. இந்த வாடை என்பது நாற்றத்தைக் குறிக்கும் வாடை அன்று. அது வேறு. அதைப் பற்றி...' என்ன? அதற்குள்ளா? வடக்கையே இன்னும் தாண்டவில்லையே. நான் மேற்குக்கல்லவா போக வேண்டும்?

இன்னொரு தடவை பார்ப்போமா? வேண்டாமா?

என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

அதை மட்டுமா? மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்து, "யாராவது இருக்கீங்களா?" அவ்வளவுதானா? அதே குரலில்?

ம்.

பார்த்தவுடன் தெரிந்துவிடும், இல்லையா? குரல் அதேதான் என்று தெரியும். ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரியும். சிரிப்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தவன் ஆமைக்கு ஓட்டுப் போடமாட்டான். தமயந்தி அம்மாளும் சிரித்துவிட்டால்... வெள்ளந்தியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். கடிதமாக எழுதலாம்.

நீங்கள் கெட்டிக்காரர், தம்பி. இவ்வளவு நேரம் உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை பாருங்கள்.

ஆனால் அதைச் சொல்ல மூன்று விநாடி ஆகுமா? மீதி நேரம் நான் என்ன செய்வது? சும்மா நிற்பதா? அத்தனை பேர் முன்னால், ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா?

தாம்பரம் வந்துவிட்டது. எழும்பூர் வருவதற்குள் அதை மட்டும் எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். மதுரையிலிருந்து நீங்கள் அதைத்தானே செய்துகொண்டு வருகிறீர்கள். எப்படிச் செய்கிறீர்கள்?